இரட்டைக் குழந்தைகளுக்குப் பிராம் வாங்குமுன்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரட்டைக் குழந்தைகளுக்குப் பிராம், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி, வாங்குவதில் கடைக்குப் போவது பின்னால் வரும் வேலை. முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது, அதற்கு ஓர் இஞ்ச் டேப் போதும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய கடைக்குப் போய், மெத்தென்ற இருக்கையையும் பளபளக்கும் சக்கரத்தையும் பார்த்து மயங்கி, ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டு வருகிறார்கள். அது வந்து இறங்கிய பிறகுதான் வாசல் கதவு ஞாபகத்துக்கு வருகிறது.

ஊரில் இருந்தால் பிராம் இல்லாமலேயே காலத்தை ஓட்டிவிடலாம். அம்மா, மாமியார், சித்தி என்று தூக்குவதற்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். இங்கே அப்பாவுக்குச் சட்டப்படி கிடைக்கும் விடுப்பு இரண்டே வாரம். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு கைக்குழந்தைகளோடு ஒரு தாய் தனியாக டாக்டரிடம் போக வேண்டும், எடை பார்க்கப் போக வேண்டும், தீர்ந்துபோன நாப்பி வாங்கப் போக வேண்டும். பிராம் வாசலைத் தாண்டவில்லை என்றால் அவரும் தாண்டப்போவதில்லை. அதனால்தான் இருக்கை, துணி, நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் அகலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கதவை அளந்துகொள்ளுங்கள்

கதவை அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலைக்கு நிலை அளந்தால் கிடைக்கும் எண் உங்களை ஏமாற்றும். கதவை நன்றாகத் திறந்துவைத்து, திறந்து நிற்கும் கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டம் வரை அளக்க வேண்டும். பிராம் போவது அந்த இடைவெளியில்தான். இங்கே பரவலாக இருக்கும் உள்கதவு 762 மில்லிமீட்டர் அகலம். கதவின் கனமும், கதவு வந்து முட்டும் சட்டமும் அதில் ஐந்து சென்டிமீட்டர் போலத் தின்றுவிடும். ஆக 76 என்று நினைத்த இடத்தில் 71தான் இருக்கும். வாசல் கதவு கொஞ்சம் அகலமாக இருக்கும். புதிதாகக் கட்டிய வீடுகளில் இங்கிலாந்தின் கட்டட விதிப்படி வாசலில் குறைந்தது 775 மில்லிமீட்டர் தடையில்லாத வழி இருக்க வேண்டும். பழைய விக்டோரிய வரிசை வீடுகளில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. அங்கே கதவைத் தாண்டியதும் ஒடுக்கமான நடை, அதில் ஒரு ரேடியேட்டர், உடனே ஒரு திருப்பம், அப்புறம் மாடிப்படி. திருப்பத்தில் அகலத்தைவிட நீளம்தான் உதைக்கும். அதனால் நடையின் அகலத்தையும் ரேடியேட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும் தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிராம்களின் அகலத்தைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகையில் மவுண்டன் பக்கி டூயட் சுமார் 63 செ.மீ. அந்த வகையில் ஒல்லியானவற்றில் அது ஒன்று. அவுட் அன் அபவுட் நிப்பர் டபுள் 72. புகாபூ டாங்கி இரண்டு குழந்தைகளுக்காக விரித்த நிலையில் 74. பேபி ஜாகர் சிட்டி மினி ஜிடி டபுள் ஏறக்குறைய 76. காகிதத்தில் இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் 71 செ.மீ. கதவுக்கு முன்னால் நிற்கும்போது அதுதான் எல்லாமே. நிறுவனம் சொல்லும் அளவு சில சமயம் சட்டத்தின் அளவாக இருக்கும், பின்சக்கரத்தின் அச்சு அதைவிட வெளியே நீட்டியிருக்கும். எனவே கடையில் நீங்களே ஒருமுறை பின்சக்கரங்களின் வெளிவிளிம்பை அளந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். இல்லாவிட்டால் நிலையில் பெயிண்ட் மிஞ்சாது, உங்கள் கைவிரல் மூட்டுகளும் தப்பாது.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் லிஃப்டையும் அளக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 8 பேர், 630 கிலோ என்று இருந்தால் பொதுவாக உள்ளே 110 செ.மீ. அகலமும் 140 செ.மீ. ஆழமும் இருக்கும், கதவு 80 செ.மீ. திறக்கும். அதில் எந்த இரட்டைப் பிராமும் நுழையும், நீங்களும் கூடவே நிற்கலாம். பழைய கட்டடங்களில் இருக்கும் சின்ன லிஃப்டுகளில் இந்த நிம்மதி இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

பிராம் ராத்திரி எங்கே நிற்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பொது நடையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால், தீப்பாதுகாப்பைக் காரணம் காட்டி வீட்டு நிர்வாகம் எடுக்கச் சொல்லும். எடுக்காவிட்டால் அவர்களே அப்புறப்படுத்துவார்கள். அது நியாயமான விதிதான், சண்டை போட்டுப் பயனில்லை. ஃபிளாட்டுக்குள் மடித்து நிறுத்த ஓர் இடம் வேண்டும். மடித்த பிறகு தானாக நிற்கும் பிராமா, சுவரில் சாய்க்க வேண்டியதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தேவைப்படும் இடம் வேறு வேறு.

உங்கள் ஒரு வாரத்தை எழுதிப்பாருங்கள்

காரில் போவீர்களா, பஸ்ஸா, ரயிலா, பெரும்பாலும் நடையா? இதற்கு நேர்மையான பதில் வேண்டும். பூங்காவில் தினமும் காலையில் ஓடப்போகிறேன் என்ற கனவுக்காக மூன்று சக்கர ஓட்டப் பிராம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது நீளம், அகலம், கனம் மூன்றிலும் பெரியது. அதோடு குழந்தைகளுக்கு ஆறு மாதமாவது ஆகாமல் அதை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்றுதான் தயாரிப்பாளர்களே பொதுவாகச் சொல்கிறார்கள்.

லண்டன் பஸ்ஸை நம்பியிருப்பவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ்ஸின் நடுவில் பிராம் நிறுத்தும் இடம் உண்மையில் சக்கர நாற்காலிக்கான இடம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் நீங்கள் பிராமை மடிக்க வேண்டும் அல்லது நகர்த்த வேண்டும். இதில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 2012 பிப்ரவரியில் டக் பாலி என்பவர் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போக சக்கர நாற்காலியில் வந்து பஸ் ஏறப் பார்த்தார். அந்த இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு பிராம் இருந்தது. டிரைவர் கேட்டும், மடிக்க முடியாத பிராம் என்று அந்தத் தாய் மறுத்துவிட்டார். பாலி ஏற முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. டிரைவர் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது, மறுப்பது நியாயமில்லை என்று பட்டால் மேற்கொண்டு வற்புறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தாயின் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இடம் பாலியுடையதுதான்.

அப்படியானால் இரண்டு கைக்குழந்தைகளை எடுத்து, பிராமையும் மடித்து, ஓடும் பஸ்ஸில் நிற்பது ஒற்றை ஆளால் முடிகிற காரியமா? முடியாது. நடைமுறையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பீர்கள். அதற்குத் தயாராக நேரம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அளவைப் பொறுத்தவரை, லண்டன் பஸ்ஸில் ஏற்றும் சக்கர நாற்காலிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். உங்கள் பிராம் இதற்குள் அடங்கினால் பஸ்ஸுக்குள் திருப்புவது எளிது. 75 செ.மீ. அகலம் என்றால் சில பஸ்களில் ஏறும், சில பஸ்களில் கம்பியில் மாட்டும்.

ரயிலில் கதை வேறு. லண்டன் பாதாள ரயிலின் 272 நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் படியில்லாத வழி இருக்கிறது. மற்றவற்றில் படி அல்லது எஸ்கலேட்டர். இரண்டு குழந்தைகள் இருக்கும் பிராமை எஸ்கலேட்டரில் ஏற்றும் யோசனையே வேண்டாம். எலிசபெத் ரயிலின் 41 நிலையங்களிலும் நடைமேடை வரை படியில்லாமல் போகலாம். டாக்லாண்ட்ஸ் லைட் ரயிலின் எல்லா நிலையங்களும் அப்படியே. இல்ஃபோர்டு, மேனர் பார்க், சவுத்தால், ஹேய்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய வசதி. நீங்கள் இருக்கும் பகுதிக்கு எது என்று பார்க்க, படியில்லாத நிலையங்களை மட்டும் காட்டும் வரைபடம் தனியாகவே கிடைக்கிறது. அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கேட்டில் ஓரத்தில் இருக்கும் அகலமான வழியில் போக வேண்டும்.

கார் வைத்திருப்பவர்கள் டிக்கியை அளக்கும்போது திறப்பின் அகலத்தையும் அளக்க வேண்டும். உள்ளே இடம் இருக்கும், வாய் சிறியதாக இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் நுழையும் என்று கடையில் சொல்வார்கள். மழையில், சேறு படிந்த சக்கரத்தை ஒவ்வொரு முறையும் கழற்றுவீர்களா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

பக்கத்தில் பக்கத்திலா, முன்னும் பின்னுமா?

ஒரே வயது இரட்டையர் என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகைதான் என் தேர்வு. இதில் எனக்குத் தயக்கமில்லை. முன்னும் பின்னுமாகவோ மேலும் கீழுமாகவோ உட்காரும் பிராம்கள் பெரும்பாலும் வயது வித்தியாசமுள்ள அண்ணன் தம்பிகளை நினைத்துச் செய்யப்பட்டவை. ஒரு இருக்கை பெரியது, முழுதாகச் சாயும். மற்றது சிறியது, வெளிச்சம் குறைவு, அதிலிருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுத்துணிதான் காட்சி. மூன்று வயது அக்காவும் பச்சைக் குழந்தையும் என்றால் சரி. இரட்டையரில் யாரை அந்தக் கீழ் இருக்கையில் போடுவது? மாற்றி மாற்றிப் போடுவோம் என்று ஆரம்பிப்பீர்கள். கொஞ்ச நாளில் யார் குறைவாக அழுகிறாரோ அவர் நிரந்தரமாகக் கீழே போய்விடுவார்.

ஓட்டுவதிலும் வித்தியாசம் இருக்கிறது. நீளமான பிராமில் முன்பாரம் அதிகம். நடைபாதை விளிம்பில் ஏற்ற முன்சக்கரத்தைத் தூக்கும்போது ஒரு குழந்தையின் முழு எடையும் உங்கள் மணிக்கட்டில் வரும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டு குழந்தைகளும் பின்சக்கரத்துக்கு அருகிலேயே இருப்பார்கள், கைப்பிடியை லேசாக அழுத்தினாலே முன்பக்கம் எழும்பும்.

ஆனால் முன் சொன்ன அளவெடுப்பில் கதவோ லிஃப்டோ ஒத்துவரவில்லை என்றால் வாதம் அதோடு முடிந்தது. ஐகேண்டி பீச், உப்பாபேபி விஸ்டா மாதிரியானவை இரண்டு குழந்தைகளை வைத்தாலும் ஒற்றைப் பிராமின் அகலத்திலேயே நிற்கும். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் அரிசி மூட்டைக்கும் வாழைக்காய்ப் பெட்டிக்கும் நடுவில் நெளிந்து போக வேண்டிய நம் கடைகளில் அதன் அருமை தெரியும். இவற்றை வாங்குவதாக இருந்தால் கடையில் ஒரே ஒரு கேள்வியை, இதே வார்த்தைகளில் கேளுங்கள்: “பிறந்த குழந்தைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் இதில் மல்லாக்கப் படுக்கவைக்க முடியுமா?” ‘இரட்டையாக மாற்றலாம்’ என்று விளம்பரம் செய்யும் பல பிராம்களுக்கு இதற்கு நேரான பதில் கிடையாது. சிலவற்றில் இரண்டாவது இருக்கை ஆறு மாதத்துக்குப் பிறகுதான்.

ஒற்றைப் பிராமும், குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் ஸ்லிங் ஒன்றும் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு அது நன்றாகவே ஓடும், கோயில் போன்ற நெரிசலான இடங்களுக்கு அதுதான் வசதியும்கூட. ஸ்லிங்கில் குழந்தையின் முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டியிருக்கக் கூடாது. ஆனால் சிசேரியன் ஆன தாய்க்கு, இரண்டும் வளர்ந்து ஆளுக்கு ஏழெட்டுக் கிலோ ஆகும்போது, இந்த ஏற்பாடு முதுகை உடைத்துவிடும்.

பச்சைக் குழந்தை படுக்க வேண்டும்

இரட்டையர் சீக்கிரமே பிறப்பார்கள். இரட்டைக் கர்ப்பங்களில் 100க்கு 60 போல 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் முடிகின்றன என்பது இங்கே மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதாவது உங்கள் பிராமில் முதலில் ஏறப்போவது கொழுகொழு விளம்பரக் குழந்தை இல்லை. இரண்டு, இரண்டரைக் கிலோவில், தலை நிற்காத இரண்டு சின்ன உயிர்கள். அவர்கள் மடங்கி உட்கார்ந்தால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்குழாய் ஒடுங்கும். அதனால்தான் மல்லாக்க, சமமாகப் படுக்கவைப்பது பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கேரிகாட் எனப்படும் படுக்கைக் கூடை, பிராம் சட்டத்தில் பொருத்துவது. குழந்தை தானாக உட்காரப் பார்க்கும்வரை அல்லது 9 கிலோ ஆகும்வரை பயன்படும். இரண்டு வாங்க வேண்டும், விலையும் இரண்டு மடங்கு. இரட்டைப் பிராமின் கேரிகாட்டுகள் ஒடுக்கமாக இருக்கும். உள்நீளத்தை அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் குளிர்கால உடையோடு நான்காம் மாதத்திலேயே கால் முட்டும். இன்னொரு வழி, முழுதாகச் சாயும் இருக்கை. ஐரோப்பியப் பிராம் தரம் இஎன் 1888. அதன்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கான இருக்கையில் முதுகுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கோணம் குறைந்தது 150 டிகிரி இருக்க வேண்டும். ‘பிறந்த நாளிலிருந்து’ என்று அட்டையில் எழுதியிருந்தால் அந்தக் குறைந்தபட்சம் இருக்கும். 180 டிகிரிக்குப் பக்கத்தில் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு நான் கேரிகாட்டையோ நிஜமாகவே சமமாகச் சாயும் இருக்கையையோதான் சொல்வேன்.

கார் சீட்டைப் பிராம் சட்டத்தில் மாட்டித் தள்ளிக்கொண்டு போவது இங்கே எல்லோரும் செய்வது. காரிலிருந்து டாக்டர் வாசல் வரை என்றால் பரவாயில்லை. கடைவீதியில் மத்தியானம் முழுக்க அதிலேயே தூங்கவிடுவது ஆகாது. திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்க வேலை செய்யும் லல்லபி டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனமும், காரில் தூங்கிவிட்ட குழந்தையைச் சேர்ந்த இடத்தில் எடுத்துச் சமமான படுக்கையில் போடத்தான் சொல்கிறது. கார் சீட் எப்படியும் இரண்டு வேண்டும். கார் இருப்பவர்களுக்கு அது சட்டம், குழந்தைக்கு 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம் ஆகும்வரை. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குப் பொருந்துமா என்று சீட்டின் கீழ்வரம்பைப் பாருங்கள். பல சீட்டுகள் 40 செ.மீ. உயரத்திலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் பிராமில் இரண்டு கார் சீட்டையும் ஒன்றாக மாட்ட அடாப்டர் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஒன்றுக்கு மட்டும் இருக்கும் மாடல்களும் உண்டு.

கடையில் செய்ய வேண்டியது

இப்போது கடைக்குப் போகலாம். கணவன் மனைவி இருவரும் போங்கள், உயரம் வேறு வேறாக இருக்கும். கைப்பிடி ஏற்றி இறக்க முடிய வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. காலிப் பிராம் எல்லாமே வெண்ணெய் மாதிரிதான் ஓடும். இரண்டு இருக்கையிலும் எடையை வைத்து, ஒரு கையால் தள்ளி, வட்டமடித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு பையை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பாரத்தோடு தள்ளுங்கள். ஒரு குழந்தை தோளிலும் ஒன்று பிராமிலுமாக நீங்கள் நடக்கப்போகும் தூரம் கொஞ்சமில்லை. அப்போது ஒரு பக்கமாக இழுக்கும் பிராம் உயிரை வாங்கும். அதே பையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறுகையால் பிராமை மடிக்கவும் முயலுங்கள்.

ஒவ்வொரு இருக்கையும் தனித்தனியாகச் சாய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரை வேண்டும். ஒன்று தூங்கும்போது மற்றது விழித்திருக்கும், அது இரட்டையர் வீட்டு விதி. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து முனை பெல்ட் வேண்டும். பிரேக்கைச் செருப்புக் காலோடு போட்டு எடுக்க வருகிறதா? கீழ்க்கூடைக்குள் கை போகிறதா? காற்றடிக்கும் டயர் மேடுபள்ளத்தில் சுகம், ஆனால் பஞ்சர் ஆகும், பம்ப் வேண்டும். நகரத்துக்குள் மட்டும் என்றால் ஃபோம் நிரப்பிய டயரே தொல்லையில்லாதது.

எடையையும் கூட்டிப்பாருங்கள். பிராம் 15 கிலோ, இரண்டு வயதில் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ போல, அடியில் சாமான். நாற்பது கிலோவைத் தாண்டும். உங்கள் தெரு மேட்டில் இருந்தால் கனம் குறைந்த அலுமினியச் சட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

பணம்

விலை இருநூறு பவுண்டுச் சொச்சத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியும் போகும். விலை அதிகமானதில் எதற்குக் காசு என்று பார்த்தால், குழந்தையை உங்கள் பக்கம் திருப்பிவைக்கும் வசதி, கேரிகாட், நல்ல சஸ்பென்ஷன், உதிரிபாகம் பல வருடம் கிடைப்பது. அகலமும் படுக்கும் வசதியும் மலிவானவற்றிலேயே கிடைக்கலாம். ரெயின் கவர் விலையில் அடங்குமா என்று கேளுங்கள். பிரிட்டனில் அது உதிரிப்பொருள் கிடையாது, அத்தியாவசியம்.

பழையது வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரட்டைப் பிராம்கள் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்வு பெற்றுவிடும், யாருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள இடமிருக்காது, அதனால் நல்ல நிலையில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பெற்றோருக்கான தொண்டு நிறுவனமான என்சிடி நடத்தும் ‘நியர்லி நியூ’ விற்பனைகள், உங்கள் பகுதி இரட்டையர் குழுக்கள், முகநூல் சந்தை எல்லாம் பாருங்கள். டுவின்ஸ் டிரஸ்ட் என்ற தேசியத் தொண்டு நிறுவனம் மூலம் பக்கத்துக் குழுவைக் கண்டுபிடிக்கலாம். அங்கே வாங்குவதைவிட, யாருடைய பிராமையாவது கொஞ்ச நேரம் தள்ளிப்பார்க்கக் கிடைப்பதே பெரிய லாபம்.

பழையதில் பார்க்க வேண்டியவை: மடிக்கும் பூட்டு முழுதாக விழுகிறதா, பிரேக் சரிவில் பிடிக்கிறதா, பெல்ட் கொக்கிகள் எல்லாம் இருக்கின்றனவா, சட்டத்தில் விரிசல் உண்டா. மாடல் பெயரைப் போட்டுத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் மெக்லாரன் மடிப்பு வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. பிராமை விரிக்கும்போது கீலில் குழந்தையின் விரல்நுனி சிக்கித் துண்டான சம்பவங்கள்தான் காரணம், தீர்வாகக் கீலுக்கு ஒரு மூடி கொடுத்தார்கள். பழைய மடிப்பு வண்டி எதை வாங்கினாலும் கீல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கார் சீட்டை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் பழையதாக வாங்கவே கூடாது. விபத்தில் அடிபட்டதா என்று வெளியே தெரியாது.

குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகள் பெறும் குடும்பங்களுக்கு ஷ்யூர் ஸ்டார்ட் மகப்பேறு மானியம் என்று 500 பவுண்டு கிடைக்கும். ஏற்கெனவே குழந்தை இருந்தாலும் இரட்டையர் என்றால் விண்ணப்பிக்கலாம். ஸ்காட்லாந்தில் இதற்குப் பதில் பெஸ்ட் ஸ்டார்ட் மானியம். ஆனால் விசாவில் ‘பொது நிதி கூடாது’ (பெரும்பாலான அரசு உதவித்தொகைகளைப் பெறக் கூடாது) என்ற நிபந்தனை உள்ளவர்கள் ஆலோசனை கேட்காமல் இதற்கு விண்ணப்பிக்க வேண்டாம், விசாவுக்கே வில்லங்கமாகும்.

எப்போது ஆர்டர் செய்வது

பிரச்சினை ஏதும் இல்லாவிட்டாலும் இரட்டையருக்கு 36 அல்லது 37 வாரத்திலேயே பிரசவத்துக்கு நாள் குறிப்பார்கள். சில பிராம்கள் ஆர்டர் கொடுத்தபின் வர வாரக்கணக்காகும். 28வது வாரத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் பெட்டி வந்ததும் மூலையில் வைத்துவிடாதீர்கள். அன்றே விரித்து, அட்டை, கவர் எதையும் தூக்கிப்போடாமல், வீட்டுக்குள்ளேயே எல்லாக் கதவுகளிலும் தள்ளிப்பாருங்கள்.

வெளியே போக ஆரம்பித்த பிறகு

வாசலில் படி இருந்தால் பிராமைத் தூக்காதீர்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு முதல் சில வாரங்களில் குழந்தையைவிடக் கனமானது எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவார்கள். முதலில் பிராமை வெளியே இறக்கிப் பிரேக் போட்டுவிட்டு, குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பெல்ட் போடலாம். ஒரு படி மட்டும் என்றால் பின்சக்கரத்தை முதலில் படியில் ஏற்றிப் பின்னோக்கி இழுங்கள், இறங்கும்போதும் பின்சக்கரம் முதலில்.

கைப்பிடியில் கனமான பை மாட்டினால் ஒரு ஆபத்து உண்டு. குழந்தையைத் தூக்கிய கணத்தில் பிராம் பின்னால் கவிழும், மற்றக் குழந்தை அதில் இருக்கும். சாமானைக் கீழ்க்கூடையில் போடுங்கள். வெயிலுக்கு மறைப்பாகத் துண்டோ துப்பட்டாவோ போட்டு முன்பக்கத்தை மூடாதீர்கள். உள்ளே காற்றில்லாமல் சூடு வேகமாக ஏறும், குழந்தையும் கண்ணுக்குத் தெரியாது. ரெயின் கவரையும் கடைக்குள் நுழைந்ததும் எடுத்துவிட வேண்டும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் இரண்டு கைக்குழந்தை இருக்கை உள்ள டிராலிகள் கிடைக்கும், வாசலில் தேடிப்பாருங்கள்.

இன்னொன்று. இரட்டைப் பிராமைப் பார்த்ததும் வழியில் போவோர் நின்று குனிந்து விசாரிப்பார்கள். அன்பாகத்தான். பத்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது

சென்னைக்கோ கொழும்புக்கோ போகும்போது பெரிய பிராமை வீட்டில் விட்டுவிடுவதுதான் என் கட்சி. அங்கே நடைபாதையும் அதற்குத் தோதில்லை, தூக்க ஆளும் இருக்கிறார்கள். கனம் குறைந்த ஒற்றை மடிப்பு வண்டிகள் இரண்டு இருந்தால் ஆளுக்கு ஒன்று தள்ளலாம். விமானத்தில் பொதுவாகப் பெரியவர் ஒருவருக்கு மடியில் ஒரு குழந்தைதான், ஆகவே எப்படியும் இரண்டு பெரியவர்கள் போவீர்கள். இரட்டைப் பிராமைத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், மடித்த அளவையும் எடையையும் சொல்லி, விமான வாசல் வரை அனுமதிப்பார்களா என்று டிக்கெட் எடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தில் அது வாசலுக்கே வருமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்றும் கேட்டுவைக்க வேண்டும். பெல்ட்டில்தான் வரும் என்றால் ஸ்லிங்கைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவுச் சோதனை வரிசை முழுக்க அது தேவைப்படும்.